ஊசி இறங்காத இடம்

நவம்பர் 3

மேசை விரிப்பில் கொடி பாதிச் சுற்று வந்துவிட்டது. மூலைக்கு ஒரு பூ, நடுவில் பெரிய பூ. விடுமுறைக்குப் பெண்கள் இருவரும் வருவதற்குள் இதையும் போர்வையையும் முடித்தாக வேண்டும். விரிப்பு பெரியவளுக்கு. போர்வை சின்னவளின் கைக்குழந்தைக்கு. ஓரம் முழுக்க வாத்துகள் வரிசையாகப் போகும். மாப்பிள்ளைகளுக்குக் கைக்குட்டை போதும். மூக்கு சிந்தத்தானே போகிறார்கள்.

மதியம் அண்ணி பின்னால் வந்து நின்றார். அண்ணி என்றால் என் வீட்டுக்காரரின் அக்கா. தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றபின் எங்களோடுதான் இருக்கிறார்.

"ஊசி, இந்தப் பூ ஏன் ஒரு பக்கமா இருக்கு?" என்றார்.

ஊசி நான்தான். கல்யாணமான புதிதில் அவர் வைத்த பெயர். என் கையில் இருப்பதைப் பார்த்து வைத்தாரா, வாயில் இருப்பதைப் பார்த்து வைத்தாரா, இன்றுவரை சொன்னதில்லை.

"உங்க கண்ணுதான் அண்ணி ஒரு பக்கமா இருக்கு" என்றேன்.

வழக்கமாகத் திருப்பிக் கொடுப்பவர். இன்று சிரிக்கக்கூட இல்லை. பூவையே உற்றுப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

நவம்பர் 6

எழுந்ததும் தலைவலி. காப்பி உள்ளே போனதும் குறைந்தது. நீல நூல்கண்டைக் காணோம். பெட்டி முழுக்கத் துழாவிவிட்டேன். நீலமில்லாமல் கொடியில் மொட்டு வைக்க முடியாது.

நவம்பர் 7

நீலம் கிடைத்தது. கிடைத்தது என்று எப்படிச் சொல்வது? அண்ணி வந்தார், பெட்டிக்குள் கையை விட்டார், எடுத்து நீட்டினார். "இங்கதானே கெடக்கு, உன் கண்ணு முன்னால!" நேற்று அது அங்கே இல்லை. சத்தியமாக இல்லை.

எடுத்து வைத்துக்கொண்டு விளையாடுகிறாரா? அந்த வயதில் என்ன விளையாட்டு?

நவம்பர் 10

கூடத்து நிலைக்கதவில் தோளை இடித்துக்கொண்டேன். கன்றிப்போயிருக்கிறது. இந்த வீட்டுக்குக் குடிவந்த நாள்முதல் அதே நிலை, அதே வாசல். இன்று அதுவாக நகர்ந்து வந்து இடித்த மாதிரி இருந்தது. இவர் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல், "கண்ணை எங்க வெச்சுட்டு நடக்கற?" என்றார். முகத்தில்தான் வைத்திருக்கிறேன், வேறெங்கே வைப்பேன்.

நவம்பர் 13

பூத்தையல் துணி வாங்க இவரோடு கடைத்தெருவுக்குப் போனேன். ஒரு பலகையில் "வெட்டும் கடை" என்று போட்டிருந்தது. "இதென்னங்க, பட்டப்பகல்ல வெட்டும் கடைன்னு போர்டு வெச்சுருக்கான்!" என்று சிரித்தேன். இவர் சிரிக்கவில்லை. நின்று என்னைப் பார்த்தார். "தலைமுடி வெட்டும் கடைடி" என்றார். திரும்பிப் பார்த்தேன். ஆமாம், தலைமுடி இருந்தது. வெயில் கூசியிருக்கும்.

அண்ணி இப்போதெல்லாம் சத்தமில்லாமல் வருகிறார். நான் தைத்துக்கொண்டே இருப்பேன், பக்கத்தில் யாருமில்லை. மறுநொடி சுவரிலிருந்து முளைத்தமாதிரி நிற்பார். எப்போதும் அந்த ஒரே பக்கத்திலிருந்துதான். இரண்டு தடவை பயந்து ஊசியை விரலில் ஏற்றிக்கொண்டேன்.

நவம்பர் 16

 எழுதினால் மனசு அடங்குமா பார்ப்போம்.

நடுப்பூவை நேற்றோடு முடித்துவிட்டேன். எல்லா இதழும் நிரப்பி, மகரந்தத்துக்கு முடிச்சுப் போட்டு, தடவிப் பார்த்துத்தான் மடித்து வைத்தேன். இன்று காலை விரித்தால் பாதிப் பூ இல்லை. ஒரு பக்கம் இதழ்கள் கொழுகொழுவென்று இருக்கின்றன. மறுபக்கம் பென்சில் கோடு மட்டும். மூலைப் பூக்களும் அப்படியே. இலைகளும் அப்படியே. ஒவ்வொன்றிலும் பாதியை யாரோ பிரித்து எடுத்திருக்கிறார்கள்.

யாரோ என்ன யாரோ? வீட்டில் இருப்பது மூன்று பேர். இவருக்கு ஊசியில் நூல் கோக்கவே தெரியாது.

ஏன் அண்ணி? உங்களுக்கு நான் என்ன கெடுதல் பண்ணேன்?

நவம்பர் 17

இனி விரிப்பும் போர்வையும் அலமாரிக்குள். சாவி என் இடுப்பில். ஒருவருக்கும் ஒன்றும் சொல்லவில்லை.

நவம்பர் 20

போர்வையில் வாத்துகள் மளமளவென்று வந்தன. மனசுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. நேற்றுச் சாயங்காலம் அலமாரியில் வைத்துப் பூட்டினேன். இன்று எடுத்து மடியில் போட்டபோது –

தலை இல்லை. ஒரு வாத்துக்கும் தலை இல்லை. கொழுத்த உடம்பு, தூக்கிய வால், கழுத்து வரைக்கும் மஞ்சள் நூல். அதற்குமேல் வெறும் துணி. வரிசையாகத் தலையில்லாமல் நடந்து போகின்றன.

பூட்டு உடைக்கப்படவில்லை. சாவி என்னிடம்தான் இருந்தது. மாற்றுச் சாவி வைத்திருக்கிறார். வேறென்ன? ஒரு பச்சைக் குழந்தையின் போர்வையில் இப்படிச் செய்ய எந்த மனசு துணியும்? 

நவம்பர் 22

இன்று வீடு எரிந்திருக்கும்.

அடுப்பில் பால் வைத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றிருந்தேன். கருகல் நாற்றம் வந்தது. பால் பொங்கவில்லையே என்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே அண்ணி ஓடிவந்து என்னை ஒரே தள்ளாகத் தள்ளினார். அப்போதுதான் தெரிந்தது, பக்கத்து அடுப்பும் எரிந்துகொண்டிருந்தது; அதன்மேல் கிடந்த கைத்துணி கொழுந்து விட்டுவிட்டது. குடத்துத் தண்ணீரை அப்படியே கொட்டினார்.

"உன் கைக்கிட்ட எரியுதுடி! தெரியலையா உனக்கு?"

தெரியவில்லை. அந்த அடுப்பை நான் பற்றவைக்கவே இல்லை. அப்படியானால் பற்றவைத்தது யார்? அணைக்க ஓடிவந்தவருக்கு எப்படி அவ்வளவு சீக்கிரம் தெரிந்தது?

இதை எழுதும்போதே வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் எழுதத்தான் தோன்றுகிறது.

நவம்பர் 24

காதால் கேட்டேன். மாடிப்படியில் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தார். "இந்த லீவுக்குக் குழந்தையக் கொண்டு வராதம்மா. நான் சொல்றதக் கேளு. உங்கம்மாகிட்ட இப்போதைக்குச் சொல்லாத."

அந்தப் பக்கம் என் சின்னவள். என் வயிற்றில் பிறந்தவள். இன்னும் குழந்தையை நான் மடியில்கூட வாங்கவில்லை.

போனை வைத்ததும் போய் எதிரில் நின்றேன். வாயில் வந்ததெல்லாம் கொட்டினேன். நூலை ஒளிச்சது, பூவைப் பிரிச்சது, வாத்துத் தலையை அறுத்தது, அடுப்பு – எல்லாம். "உங்களுக்குன்னு ஒரு குழந்தை இல்லாத வயித்தெரிச்சலை என் பேத்தி மேல காட்டுறீங்களா?" என்றுகூடக் கேட்டுவிட்டேன். ஊசி இல்லை, கடப்பாரை.

அண்ணி அழவில்லை. "வராதேன்னு சொன்னது நான்தான். மத்தது ஒண்ணும் நானில்ல" என்றார். பிறகு, "நான் பிரிச்சேன்னே வெச்சுக்கோ. பிரிச்சா துணியில ஊசிக் குத்து தெரியும்ல? உனக்குத் தெரியாததா? போய்ப் பாரு" என்றார்.

நான் பார்க்கவில்லை. எனக்கு எதற்கு அந்தப் பொம்பளை பாடம் எடுக்க வேண்டும்?

நவம்பர் 25

பார்த்தேன்.

ஜன்னலருகே வெளிச்சத்தில் விரித்து, இவருடைய பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். தையலைப் பிரித்தால் இழை விலகியிருக்கும். எவ்வளவு இஸ்திரி போட்டாலும் அந்தப் புள்ளிகள் சட்டென்று போகாது. என் கையால் எத்தனை பிரித்திருக்கிறேன்.

ஒரு புள்ளி இல்லை. துணி கடையிலிருந்து வந்தபடி வழவழவென்று இருக்கிறது. பென்சில் கோட்டின்மேல் ஊசி இறங்கவே இல்லை.

அப்படியானால் யாரும் பிரிக்கவில்லை. தைத்துவிட்டேன் என்று நான் தடவிப் பார்த்தது எதை?

நவம்பர் 26

 ஊசியைத் தொடவில்லை.

நவம்பர் 28

மதியம் இவர் வெளியே போன பிறகு அண்ணியிடம் போனேன். "எனக்கு ஏதோ ஆயிடுச்சு அண்ணி" என்றேன்.  மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை.

அவர் தட்டில் சாப்பாடு போட்டு எதிரே உட்கார்ந்தார். சாப்பிட்டு முடித்தேன்.

"போதுமா?"

"போதும். தட்டு காலி."

அவர் இரண்டு கையாலும் தட்டைப் பிடித்து மெல்லத் திருப்பினார். அந்தப் பக்கம் இருந்தது இந்தப் பக்கமாகச் சுற்றி வந்தது. சாப்பாடு. காய். உடைக்காத முட்டை. எங்கிருந்தோ வந்து இறங்கின மாதிரி.

"ரொம்ப நாளா இப்படித்தான் மிச்சம் வெக்கற" என்றார். "முதல்ல பசியில்லன்னு நெனச்சேன். அப்புறம் பாத்தா எப்பவும் இடது பக்கம் மட்டும் மிச்சம். கதவு இடிக்கறதும் இடது பக்கம். எரிஞ்ச அடுப்பும் இடது பக்கம். நூல் கெடந்ததும் பெட்டியில இடது பக்கம். நான் வந்து நிக்கறதும் உனக்குத் தெரியல. என் தம்பிகிட்ட, அதான் உன் வீட்டுக்காரன்கிட்ட, சொல்லிப் பாத்துட்டேன், வயசாச்சுன்னு சொல்றான். உன்கிட்ட சொன்னா நீ கடிச்சுக் கொதறுவ."

தைக்கும்போது எனக்கு முழுசாகத் தெரிந்தது பாதிதான். துணியைத் திருப்பிப் போட்டு எடுத்தபோது விட்டுப்போன பாதி என் கண்ணுக்குத் தெரியும் பக்கம் வந்திருக்கிறது. அவ்வளவுதான். மாற்றுச் சாவியுமில்லை, மண்ணாங்கட்டியுமில்லை.

 இருட்டாகத் தெரிந்திருந்தால் எனக்கே விளங்கியிருக்கும். இருட்டுகூட இல்லை. ஒன்றுமே இல்லாததை எப்படித் தெரிந்துகொள்வது?

நவம்பர் 30

கண் மருத்துவமனை. ஒரு கிண்ணம் மாதிரி இயந்திரத்துக்குள் முகத்தை வைக்கச் சொன்னார்கள். நடுவில் இருக்கும் வெளிச்சத்தையே பார்க்க வேண்டும். வேறெங்காவது பொட்டு மின்னினால் கையிலுள்ள பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தினேன். பிறகு வெகுநேரம் ஒன்றும் மின்னவில்லை. "நின்னு போச்சாம்மா?" என்று கேட்டேன். "ஓடிட்டுத்தான் இருக்கும்மா" என்றாள் சோதனை செய்த பெண்.

கண் டாக்டர் இவரை மட்டும் உள்ளே கூப்பிட்டார். அண்ணி சட்டென்று எழுந்து, "அவளையும் கூப்பிடுங்க. கண்ணு அவளோடது" என்றார். உள்ளே போனோம். இரண்டு கண்ணும் நன்றாக இருக்கிறதாம். கோளாறு கண்ணில் இல்லையாம். நாளைக்கே தலையை ஸ்கேன் எடுக்க வேண்டுமாம்.

டிசம்பர் 2

கட்டி. பின்மண்டையில் வலது பக்கம். வலப்பக்க மூளைதான் இடப்பக்கத்தைப் பார்க்குமாம். படத்தில் வெள்ளையாக, உருண்டையாக, ஏதோ அங்கேயே குடியிருக்கிற மாதிரி இருந்தது. பார்ப்பதற்கு நல்ல கட்டியாகத்தான் தெரிகிறது, எடுத்துச் சோதித்த பிறகுதான் உறுதியாகச் சொல்ல முடியும் என்றார் டாக்டர். கட்டியிலுமா நல்லது இருக்கிறது.

தள்ளிப் போட முடியாது. விடுமுறை முடியட்டுமா என்று கேட்டேன். டாக்டர் தலையை ஆட்டினார்.

வண்டியில் வீட்டுக்கு வந்தோம். இறங்கியதும் இவர் என் இடப்பக்கம் வந்து கையைப் பிடித்துக்கொண்டார். பிடித்த பிறகுதான் அவர் அங்கே இருப்பது தெரிந்தது.

டிசம்பர் 5

நாளை சேர வேண்டும். பெரியவள் கிளம்பிவிட்டாள். சின்னவள் போனில் அழுதுகொண்டே இருந்தாள். "அத்தை சொன்னப்ப எனக்குக் கோபம்மா, உனக்கும் அத்தைக்கும் சண்டைன்னு நெனச்சேன்" என்றாள்.

விரிப்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். ஒரு இதழாவது போடலாமென்று ஊசியில் நூல் கோத்தேன். கழுத்தை முழுக்க இடப்பக்கம் திருப்பித் தைக்க வேண்டியிருந்தது. நாலு தையல். அதற்குமேல் தலை தெறித்தது. வைத்துவிட்டேன்.

அண்ணி தலைமாட்டில் உட்கார்ந்து என் பின்னலைப் பிரித்து வாரிவிட்டார். நாளை இதையெல்லாம் மழித்துவிடுவார்கள். "பேசாம நீ அந்த வெட்டும் கடைக்கே போயிருக்கலாம், சல்லிசா முடிஞ்சிருக்கும்" என்றார். இவர் அவரிடம் சொல்லியிருக்கிறார். இருவரும் சிரித்தோம். சிரிக்கும்போதே அவர் கை நின்றுவிட்டது.

"அன்னிக்குச் சொன்னதை –" என்று ஆரம்பித்தேன்.

"திரும்பி வந்து சொல்லு" என்றார்.

திரும்பி வராவிட்டால்? கேட்கவில்லை. பயமாக இருக்கிறது. ரொம்பப் பயமா இருக்கு.

டிசம்பர் 19

வீடு. எழுத்து கோணலாகப் போகிறது. கட்டியை முழுக்க எடுத்துவிட்டார்கள். புற்று இல்லை. ஆனால் போன பார்வை பெரும்பாலும் திரும்பாது என்கிறார் டாக்டர். ஆறுமாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன். வேரில் ஏதாவது மிச்சமிருந்தால் மறுபடி முளைக்கலாம். விரிப்பும் போர்வையும் இந்த விடுமுறைக்கு ஆகாது.

டிசம்பர் 21

அண்ணியிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். முழுசாக. "சரி" என்றார். அவ்வளவுதான். மாலை முழுக்க என்னோடு பேசவில்லை. நான் அன்று சொன்ன வார்த்தை ஆறச் சில நாளாகும். ஆகட்டும்.

டிசம்பர் 27

சின்னவள் வந்துவிட்டாள். கூடம் முழுக்கப் பையும் துணியும். குழந்தைக்கு இவருடைய காது. என் கட்டுப்போட்ட தலையைப் பார்த்து அழுமென்று நினைத்தேன். வாயைத் திறந்து பார்த்துக்கொண்டே இருந்தது.

சின்னவள் அதைக் கட்டிலில் என் பக்கத்தில் கிடத்தி, "பாத்துக்கோம்மா, குளிச்சுட்டு வந்துடறேன்" என்று துண்டை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். யார் முகத்திலும் ஒரு சங்கடமும் இல்லை. எனக்கு ஒன்றுமே ஆகாத மாதிரி. எவ்வளவு ஆசையாக இருந்தது, சரி என்று தலையாட்ட.

குழந்தை இடப்பக்கம் கிடந்தது. தலையைத் திருப்பினேன், இருந்தது. நேரே பார்த்தேன், குழந்தை இல்லை. அதன் மூச்சுச் சத்தம் மட்டும் இருந்தது.

"வேண்டாம்மா" என்றேன். "என்கிட்ட தனியா விட்டுட்டுப் போகாத."

சின்னவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. அண்ணி ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே வந்தார். குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகவில்லை. என் மடியில் எடுத்து வைத்துவிட்டு, கட்டிலின் அந்தப் பக்கம், எனக்குத் தெரியாத பக்கம், உட்கார்ந்துகொண்டார்.

"நீ போய்க் குளி" என்று சின்னவளிடம் சொன்னது மட்டும் கேட்டது.