துரைக்கு இரண்டு வேளை ஊசி

மார்ச் 3, திங்கள்

துரையின் தண்ணீர்க் கிண்ணம் மறுபடியும் காலி. காலையில் வழிய வழிய ஊற்றிவிட்டுத்தான் பணிமனைக்குப் போனேன். சாயங்காலம் வந்தால் கிண்ணத்தின் அடியை நக்கிக்கொண்டிருக்கிறான். பாப்பாவின் அறையில் மெத்தை ஈரம். இந்தப் பதினோரு வருஷத்தில் ஒரு நாள்கூட மணல் தட்டைத் தாண்டாத பூனை. அதட்டினேன். தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்விட்டான்.

மெத்தையை மாடியில் காயப்போட இன்னொரு கை வேண்டியிருந்தது. அவர் கூடத்தில்தான் உட்கார்ந்திருந்தார். கூப்பிடவில்லை. நானே படிப்படியாக இழுத்துக்கொண்டு போனேன். இப்போது இடுப்பு விண்விண் என்கிறது.

மார்ச் 5, புதன்

நாற்பது ஓட்டுநர்களுக்கு அடுத்த வார ஷிப்ட் போட்டேன். எந்தப் பேருந்தில் யார், எத்தனை மணிக்கு ஏறி எத்தனை மணிக்கு இறங்குவது என்று இருபது வருஷமாக எழுதுகிறேன். மூன்று பேர் வந்து முறையிட்டார்கள். மாற்றிக் கொடுத்தேன்.

பாப்பா வீட்டை விட்டுப் போய்ப் பதினோரு மாதம். "போறதுன்னா போ. ஆனா திரும்பி இந்த வாசல மிதிக்காதே" என்று பெற்ற மகளைப் பார்த்து இவர் சொன்னார். அவளும் பிடித்தவனைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள். ஐந்து மணி நேரப் பயணம். அன்றிலிருந்து நான் இவரோடு பேசுவதில்லை. சண்டை என்று எதுவும் இல்லை. பேச்சு நின்றுபோயிற்று. சொல்லியே ஆக வேண்டியதை இருவரும் பாப்பாவின் பூனையிடம் சொல்கிறோம். "துரை, சாப்பாடு மேசை மேல இருக்குன்னு சொல்லு." "துரை, நாளைக்கு எனக்குச் சீக்கிரமே வேலை, ஏதோ ஒரு கட்டடத்துல லிஃப்ட் நின்னு போச்சுன்னு சொல்லு." அவனும் ஏதோ பெரிய மந்திரி மாதிரி நடுவில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் பார்ப்பான். அந்த மிடுக்குக்குத்தான் பாப்பா துரை என்று பெயர் வைத்தாள்.

இன்று அந்த மிடுக்கைக் காணோம். பின்னங்கால் பாதம் முழுக்கத் தரையில் பதிய, செருப்பை இழுத்து நடப்பவர் போல நடந்தான். தடவினால் முதுகெலும்பு கையில் தட்டுகிறது. எப்போது இப்படி இளைத்தான்? நான் எங்கே போயிருந்தேன்?

மார்ச் 6, வியாழன்

அரை நாள் விடுப்பு. கால்நடை மருத்துவர் சின்ன வயதுக்காரி. காதில் ஊசியால் குத்தி ஒரு சொட்டு எடுத்தாள்.

"சர்க்கரைங்க. நானூத்தி முப்பது இருக்கு."

"பூனைக்கா?"

"பூனைக்கும் வரும். இனிமே தினமும் ரெண்டு வேளை இன்சுலின் போடணும். பன்னெண்டு மணி நேர இடைவெளி. முதல்ல சாப்பிட வச்சிட்டு அப்புறம்தான் ஊசி."

பிடரித் தோலைக் கூடாரம் மாதிரித் தூக்கிக் குத்த வேண்டும் என்று உப்புத் தண்ணீர் ஏற்றிக் காட்டினாள். கிளம்பும்போது ஒன்று சொன்னாள்: "போட்டோமா இல்லையான்னு சந்தேகம் வந்தா போடாதீங்க. ஒரு வேளை விட்டுப்போனா சமாளிக்கலாம். ரெண்டு தடவை மட்டும் போயிடக் கூடாது."

கூண்டை மடியில் வைத்துக்கொண்டு பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்தேன். இரண்டு பேருந்துகளை விட்டுவிட்டேன். நான்தானே இப்படி ஆக்கினேன்? பாப்பா போன பிறகு, கேட்டபோதெல்லாம் தட்டு நிறையப் போட்டேனே. யாரோடும் பேசாத வீட்டில் அவனுக்குத் தின்னக் கொடுப்பதுதான் எனக்குப் பேச்சு.

வீட்டுக்கு வந்து, "துரை, உனக்குச் சர்க்கரை வியாதியாம். காலை ஏழு, சாயங்காலம் ஏழு, ரெண்டு வேளை ஊசியாம்" என்றேன், கூடத்துக்குக் கேட்கும்படி.

செய்தித்தாள் இறங்கியது. "ஊசியா?" என்று அவனைப் பார்த்தே கேட்டார். "நமக்கு ஊசின்னாலே ஆகாதுப்பா."

எழுந்து வெளியே போய்விட்டார். போகட்டும்.

மார்ச் 7, வெள்ளி

மூன்று தடவை குத்தினேன். மருந்து மயிரில் போயிற்றா, தோலுக்குள் போயிற்றா, தெரியவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

பாப்பா போனில் பேசினாள். "துரை என்னம்மா பண்றான்?"

"தூங்குறான்டி."

"குண்டாயிட்டானா?"

"அப்படியேதான் இருக்கான்."

ஏன் பொய் சொன்னேன்? சொன்னால் அழுவாள், வர வேண்டும் என்பாள், வந்தால் இந்த மனிதர் என்ன சொல்வாரோ. இல்லை, அது மட்டும் காரணமில்லை. அவள் என்னிடம் விட்டுப் போன ஒரே உயிர். அதையும் கெடுத்து வைத்திருக்கிறேன் என்று எந்த வாயால் சொல்ல?

மார்ச் 14, வெள்ளி

கை கொஞ்சம் பழகிவிட்டது. குப்பியைக் குலுக்கக் கூடாது, உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்ட வேண்டும். ஊசியில் காற்றுக் குமிழி இருக்கக் கூடாது. அவன் தின்றுகொண்டிருக்கும்போதே போட்டுவிட்டால் கண்டுகொள்ள மாட்டான். அந்த மருந்துக்கு ஆஸ்பத்திரிக் கட்டு மாதிரி ஒரு வாசனை. விரலை விட்டுப் போவதே இல்லை.

பணிமனையில் பரிசோதகர் ஒருவருக்கு வழியனுப்பு விருந்து, சாயங்காலம் ஆறரைக்கு. வரமாட்டேன் என்றேன். "பூனைக்கு ஊசி போடணும்" என்றதும் பக்கத்து மேசைக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன். கழிப்பறையில் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

ஊசி போடும்போது அவர் கூடத்திலிருந்து பார்க்கிறார். நான் திரும்பினால் பேப்பர் மேலே ஏறிவிடுகிறது. வேடிக்கை பார்க்க மட்டும் நேரம் இருக்கிறது.

மார்ச் 19, புதன்

தண்ணீர் கொஞ்சம் மிச்சம் இருந்தது இன்று.

மார்ச் 24, திங்கள்

சர்க்கரை முந்நூற்றி நாற்பது. அளவை இரண்டு யூனிட் ஆக்கச் சொன்னாள் மருத்துவர். "எத்தனை நாளைக்கு இப்படி?" என்று கேட்டேன். "அவன் இருக்கிற வரைக்கும்" என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள்.

நேற்றும் பாப்பாவிடம் தூங்குகிறான் என்றேன். மூன்று ஞாயிறு ஆகிவிட்டது. எவ்வளவுதான் தூங்குவான் ஒரு பூனை?

மார்ச் 29, சனி

எழுத முடியவில்லை. ஆனாலும் எழுதிவிடுகிறேன்.

இன்று விடுமுறை. ஆறே முக்காலுக்கு துரைக்குத் தட்டு வைத்தேன். அதே நேரம் பணிமனையிலிருந்து போன், இரண்டு ஓட்டுநர்கள் வரவில்லை, யாரை ஏற்றுவது என்று. பேசி முடித்துக் குளிக்கப் போனேன். குளித்து வந்தபோது அவர் வேலைக்குக் கிளம்பிப் போயிருந்தார். மணி ஏழு இருபது. ஐயோ நேரமாகிவிட்டதே என்று ஊசியை எடுத்துப் போட்டேன். பிடரி மயிர் ஈரமாக இருந்தது. கிண்ணத்தில் தலையை விட்டிருப்பான் என்று நினைத்தேன். நினைத்தேனே! அந்த வாசனைகூட வந்தது. என் விரலில்தான் எப்போதும் இருக்கிறதே என்று விட்டுவிட்டேன்.

பத்து மணிக்கு சமையலறை வாசலில் கால் பின்னி விழுந்தான். எழுந்தான். மறுபடி விழுந்தான். அப்புறம் உடம்பு முழுக்க வெட்டி இழுத்தது. வாயில் நுரை. மருத்துவருக்குப் போன் செய்தேன்.

"தேனை ஈறுல தடவுங்க, வாய்க்குள்ள ஊத்தாதீங்க. உடனே கொண்டு வாங்க. வேற யாராவது ஊசி போட்டாங்களா?"

"யாருமில்ல. நான் ஒருத்திதான்."

எவ்வளவு நிச்சயமாகச் சொன்னேன்! வாடகைக் காரில் போகும்போதுதான் அந்த ஈர மயிர் ஞாபகம் வந்தது. பதினோரு மாதம் கழித்து அவர் எண்ணை அழுத்தினேன்.

"காலைல துரைக்கு ஊசி போட்டீங்களா?"

பின்னால் ஏதோ இயந்திரம் ஓடியது.

"போட்டேன்."

அரை மணியில் ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டார். வேலைச் சட்டை, கையெல்லாம் கிரீஸ். உள்ளே துரைக்குக் காலில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. சுவரோரமாக நின்றார். உட்காரவில்லை.

"நீ குளிச்சிட்டிருந்தே. ஏழு ஆயிடுச்சு. நேரம் தவறக் கூடாதுன்னு சொல்லுவியே, அதான். பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்சுல ஒரு வாரமா குத்திப் பழகினேன். தெரியாம ஒண்ணும் பண்ணல."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?"

அவர் தரையைப் பார்த்தார்.

"துரைகிட்ட சொல்லிட்டுத்தான் போனேன்."

எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. கத்தவில்லை. எதற்காகக் கத்துவது? குளியலறைக் கதவைத் தட்டி ஒரு வார்த்தை சொல்ல முடியாத வீடாக இதை ஆக்கியதில் எனக்குப் பங்கில்லையா?

மார்ச் 30, ஞாயிறு

பிழைத்துவிட்டான். கண் தெரியவில்லை. கண்ணுக்கு முன்னால் விரலை ஆட்டினால் இமைக்க மாட்டேன் என்கிறான். "சர்க்கரை ரொம்ப நேரம் கீழ இருந்திருக்கு. பார்வை திரும்பி வரலாம், வராமலும் போகலாம்" என்றாள் மருத்துவர்.

பாப்பாவின் போன் இரண்டு தடவை அடித்தது. எடுக்கவில்லை.

மார்ச் 31, திங்கள்

துரையை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். மேசைக் காலில் முட்டிக்கொண்டான். நின்றான். அதே காலில் மறுபடி முட்டினான். அவர் குனிந்து மேசையைச் சுவரோரம் தள்ளினார். அப்புறம் போனை எடுத்துக்கொண்டு மாடிப்படியில் போய் உட்கார்ந்தார். சமையலறை ஜன்னலுக்குக் கேட்டது.

"நான்தாம்மா. அப்பா."

ஒரு படி கீழே இறங்கி உட்கார்ந்த சத்தம்.

"துரைக்கு உடம்பு சரியில்ல. நான்தான் கெடுத்துட்டேன். அம்மா மேல தப்பில்ல."

பழையதைப் பற்றி ஒரு சொல் இல்லை. மன்னிப்பு என்ற சொல்லும் இல்லை. கீழே வந்து போனை என்னிடம் நீட்டினார்.

"எத்தனை நாளா சர்க்கரை அவனுக்கு?" என்றாள் பாப்பா.

"இருபத்தஞ்சு நாள்."

"மூணு ஞாயித்துக்கிழமை என்கிட்ட பொய் சொல்லியிருக்கே."

வைத்துவிட்டாள்.

ஏப்ரல் 5, சனி

பாப்பா வந்தாள், தனியாகத்தான். மணி அடித்துவிட்டு இரண்டடி தள்ளி நின்றிருந்தாள். நான் போவதற்குள் அவர் போய்க் கதவைத் திறந்தார். "உள்ள வா" என்றார். அவள் அவர் முகத்தைப் பார்க்காமல் உள்ளே வந்தாள்.

தரையில் உட்கார்ந்து கையை நீட்டினாள். துரை மூக்கை வைத்து வெகுநேரம் மோந்தான். தெரிந்துகொண்டானா, எனக்குத் தெரியவில்லை. அவள் மடியில் ஏறவில்லை. பக்கத்தில் படுத்துக்கொண்டான்.

ஏழு மணிக்கு அவளே ஊசி போட்டாள். என்னைவிட நன்றாகப் போட்டாள். யாரிடம் கற்றுக்கொண்டாள் என்று கேட்கத் தோன்றவில்லை.

"நான் கூட்டிட்டுப் போறேன்" என்றாள்.

"கண்ணு தெரியாதுடி. இது அவனுக்குப் பழகின வீடு."

"இந்த வீட்ல ஒருத்தர் பண்றது இன்னொருத்தருக்குத் தெரியாதும்மா. இங்க எப்படி விட்டுட்டுப் போவேன்?"

அவர் கூண்டை எடுத்து வந்து துடைக்க ஆரம்பித்தார். அவள் சொன்னதில் எதை மறுப்பது?

ஏப்ரல் 6, ஞாயிறு

பாப்பாவும் துரையும் போய்விட்டார்கள். மருந்துக் குப்பியைப் பனிக்கட்டி போட்ட பிளாஸ்கில் வைத்து, குலுங்காமல் துணி சுற்றி, அவர்தான் கொடுத்தார். கூண்டை அவர்தான் அவள் வந்த காரில் ஏற்றினார். "போய்ட்டு வரேன்" என்று பாப்பா பொதுவாகச் சொன்னாள், எங்கள் இருவருக்கும் நடுவிலிருந்த காற்றைப் பார்த்து. அவர் கார் திரும்பும்வரை தெருவில் நின்றார். நான் அதற்கு முன்பே உள்ளே வந்துவிட்டேன்.

ஏப்ரல் 7, திங்கள்

மணல் தட்டைக் கழுவிக் கவிழ்த்தேன்.

ஏப்ரல் 9, புதன்

சாப்பிடும்போது அவர், "துரை, உப்பு எங்க..." என்று ஆரம்பித்தார். நிறுத்திக்கொண்டார். எழுந்து போய் அவரே எடுத்து வந்தார். தட்டில் போட்டுக்கொள்ளாமல் டப்பாவைக் கையிலேயே வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். எனக்கும் சாப்பாடு இறங்கவில்லை.

ஏப்ரல் 13, ஞாயிறு

பாப்பா இன்று என்னோடு பேசவில்லை. காலை எட்டு மணி வாக்கில் அவர் போனில்தான் ஏதோ சத்தம் வந்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். பிறகு சமையலறை வாசலுக்கு வந்து நின்றார். எங்களுக்கு நடுவில் யாரும் இல்லை.

"இன்னிக்குச் சர்க்கரை நூத்தித் தொண்ணூறாம்" என்றார்.

"கண்ணு?"

"இன்னும் இல்லியாம்."

"சாப்பிட்டானா?"

"அது எழுதல."

"கேளுங்க."

வாசலில் நின்றபடியே ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டினார். நான் அடுப்பைக் குறைத்துவிட்டு, பதில் வரும்வரை அவர் பக்கத்திலேயே நின்றேன்.