'வேணும்' என்பதை 'வேணாம்' ஆக்கிய தொலைபேசிக் கம்பி

அனுப்புபவர்:
சூ. பேணாட்,
வலைக்கடை, கடற்கரை வீதி,
சாம்பல்தீவு.

பெறுநர்:
தொலைபேசிப் பொறியியலாளர் அவர்கள்,
திருகோணமலை.

பொருள்: எனது கடைத் தொலைபேசியின் இரைச்சலும், அதில் பழுதே இல்லை என்று வந்த பதிலும்.

மதிப்புக்குரிய ஐயா,

1. எங்கள் கரையில் உள்ள ஒரே தொலைபேசி எனது கடையில் இருக்கிறது. மாரி தொடங்கினால் அதில் எண்ணெயில் மீன் பொரிவது போல இரைச்சல். முறையிட்டேன். உங்கள் ஊழியர் நல்ல வெயில் நாளில் வந்து, கேட்டுப் பார்த்து, பழுதில்லை என்று எழுதிவிட்டுப் போனார். வெயிலில் குடையைப் பிடித்துவிட்டு ஒழுகவில்லை என்றால் என்ன நியாயம், ஐயா?

2. பிழை என் பக்கமோ என்று நானே சோதித்தேன். நகரத்தில் நண்பர் ஜெமீலின் கடைக் கருவியை இரவல் வாங்கி மாட்டினேன், இரைச்சல் மாறவில்லை. கடைக்குள் ஓடும் கம்பியைக் கழற்றி, வாசற் கம்பத்திலேயே பொருத்திக் கேட்டேன், அதே இரைச்சல். அனுமதியின்றித் தொட்டதற்கு மன்னிக்கவும். ஆகவே பழுது அதற்கு அப்பால். மாதா கோயிலடிக் கம்பத்தில் கம்பிகள் சேரும் பெட்டிக்கு மூடியில்லை. மழைத் தண்ணீர் இறங்கி இணைப்புகள் பச்சை பூத்துக் கிடக்கின்றன.

3. கார்த்திகையில் என் மனைவி மாகிரட் கண்டி ஆஸ்பத்திரியில் இருந்தாள். துணைக்கு அவள் தங்கை சீலா. பிள்ளைகளைப் பார்க்க நான் வீட்டில் நின்றேன். ஒரு மழை நாளில் சீலா அழைத்தாள். "அத்தான், உடன வர வேணும்" என்றாளாம். எனக்குக் கேட்டது "வர வேணாம்". திருப்பிக் கேட்டேன், அதுவே கேட்டது. எங்கள் பேச்சில் இரண்டுக்கும் ஓரெழுத்துத்தானே வித்தியாசம். "சரி, சரி" என்றேன். வருகிறேன் என்பதற்கும் அந்தச் சரிதான், வரவில்லை என்பதற்கும் அந்தச் சரிதான். அவள் வைத்துவிட்டாள்.

4. மாகிரட்டுக்குச் சுகமாகிவிட்டது என்று நான் மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்தினேன். பிள்ளைகளுக்கு இனிப்பாகத் தொதல் வாங்கிக் கொடுத்தேன். அங்கே சீலா, "அத்தான் வாறார், அக்கா" என்று சொல்லிச் சொல்லி அவளை வைத்திருந்தாளாம். கதவு திறக்கும்போதெல்லாம் மாகிரட் திரும்பிப் பார்த்தாளாம். பார்த்தபடியே போய்விட்டாள். தந்தி வந்துதான் நான் அறிந்தேன். மனுவில் எழுதக்கூடாததை எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

5. கேட்டும் வராமல் இருந்தேன் என்று சீலா நம்புகிறாள். முப்பத்தோராம் நாள் பூசையில் என் முகம் பார்க்கவில்லை. "பழுதில்லை" என்ற உங்கள் பதிலை வாசித்தபின் என் மூத்த மகள் றீற்றாவும், அப்பா பொய் சொல்கிறார் என்று எண்ணி, என்னோடு கதைப்பதில்லை.

6. நட்டஈடு கேட்கவில்லை. மாரி முடிந்தால் பெட்டி காய்ந்துவிடும். அதற்குமுன், மழை பெய்யும் நாளில் ஒருவரை அனுப்புங்கள். அவர் என் கடையில் றிசீவரைப் பிடிக்கட்டும். நகரத்திலிருந்து ஒருவர் "வேணும்", "வேணாம்" என்று மாறி மாறிச் சொல்லட்டும். வித்தியாசம் தெரியாவிட்டால், பெட்டியைத் திருத்தி, கம்பிதான் பழுது என்று ஒரு வரி எழுதித் தாருங்கள். தெரிந்துவிட்டால் அதையும் எழுதித் தாருங்கள். பிழை என் காதில்தான் என்று சீலாவின் காலில் விழுவேன். என் மனசில் பிழையில்லை என்றாவது பிள்ளைகள் அறியட்டும்.

மழை நாளொன்றில் உங்கள் ஆளுக்காகக் கடை வாசலில் நிற்கும்,
சூ. பேணாட்

சாம்பல்தீவு,
1977 ஜனவரி 12