தண்டால் எடுத்த ரெட்டைவால் பூச்சிகள்

அன்பு மகளுக்குப் பெரியப்பா எழுதுவது. இங்கே நானும் உன் பெரியம்மாவும் குறைவில்லாமல் இருக்கிறோம், அவளுடைய முட்டிவலியும் என்னுடைய கோபமும் எங்களைவிட சௌக்கியம். நீ அங்கே வேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்பிக்கொண்டு, உலகத்தில் ஒருவரும் நம்பப்போகாத ஒரு கதையை என் மூக்குக்கண்ணாடி மேல் சத்தியம் செய்து தொடங்குகிறேன்.

நம் வீட்டுக்குப் பின்னால் ஓடையில், சலவை ஆலையின் கழிவுக் குழாய் கொட்டும் இடத்துக்குக் கீழே, தெருவுக்கெல்லாம் குடிதண்ணீர் இறைக்க மோட்டார் வைக்கப்போகிறார்கள். பாட்டிலில் பிடித்த தண்ணீர் அந்த ஒரு நிமிடத்தைத்தான் சொல்லும், பூச்சிதான் வருஷம் பூரா அங்கேயே குடியிருந்து பார்த்த சாட்சி என்று பூச்சி ஆராய்கிற நீ சொன்னாயே, அதையே மனுவாக எழுதி, பூச்சியையும் எண்ணிப் பார்க்கவேண்டும் என்று கேட்டேன். மனுவின் கனம் தாங்காமல் அலுவலக மேசை இரண்டாகப் பிளந்தது. நீ அனுப்பிய வலையோடு எட்டு மாதமாகக் கல்லைப் புரட்டுகிறேன், குழாய்க்குக் கீழே அழுக்கில் வாழும் சிவப்புப் புழுவைத் தவிர வேறொன்றும் கிடைத்ததில்லை. சுத்தமான தண்ணீரில் மட்டும் கல்லைக் கட்டிக்கொண்டு கிடக்குமே அந்த ரெட்டைவால் பூச்சி, அது மேலே பாலத்துக்கு அப்பால்தான்.

மனுவை ஏற்றுப் பூச்சி எண்ண அதிகாரி வரும் அன்று காலை, ஆலை ஆட்கள் இரண்டு பேர் வாளி வாளியாக எதையோ குழாய்க்குக் கீழே கவிழ்ப்பதை அடுக்களை ஜன்னல் வழியாகப் பார்த்தோம். பெரியம்மா, "என்னங்க, மீன் வளக்கப் போறாங்களா?" என்றாள். மீன் இல்லை, பாலத்துக்கு அப்பால் பிடித்த ரெட்டைவால் பூச்சிகள். பொய்ச்சாட்சியை வாளியில் கொண்டுவந்த அயோக்கியத்தனத்தை நீ எந்தப் பாடத்தில் படித்திருக்கிறாய்?

அதிகாரி வலையைத் தூக்கித் தட்டில் கொட்டினார். இருபத்துமூன்று பூச்சிகள், ஒவ்வொன்றும் எருமைக்கன்று அளவு. எல்லாம் ஆறு காலையும் ஊன்றி, உடம்பை ஏற்றி இறக்கி, ஏற்றி இறக்கித் தண்டால் எடுத்தன. ஆலை மேலாளர் பல் தெரியச் சிரித்து, "பாருங்க சார், என்னா தெம்பா எக்சர்சைஸ் பண்ணுது" என்றார். எனக்கு உச்சி மயிர் பற்றி எரிந்தது. "சார், அது எக்சர்சைஸ் இல்ல, மூச்சுத் திணறுது. தண்ணில காத்து பத்தலைன்னா அது இப்படித்தான் ஆடும். அரை மணி நேரம் உக்காருங்க, அப்புறம் எழுதுங்க" என்று நான் போட்ட சத்தத்தில் பாலம் ஒரு முழம் நகர்ந்தது. அந்த மகானுபாவர் படிவத்தை என் முகத்துக்கு நேரே நீட்டி, "பெரியவரே, பூச்சி இருக்கா, இல்லையா? இதுல அதைத்தான் கேட்டிருக்கு. திணறுதான்னு ஒரு கட்டம் இருக்கா, நீங்களே சொல்லுங்க" என்றார். "இருக்கு" என்று டிக் அடித்தார், கையெழுத்தைப் போட்டார், ஜீப்பில் ஏறினார். ஜீப் முனை திரும்புவதற்குள் இருபத்துமூன்றும் மல்லாந்துவிட்டன.

அடுத்த மாதம் முதல் இந்தத் தண்ணீரில்தான் பக்கத்து வீட்டுக் கைக்குழந்தைக்குப் பால் கரைப்பார்கள். ஆட்சேபம் சொல்ல இருபதாம் தேதி வரை நேரம் இருக்கிறது. நான் சொன்னால் கிழவன் கதை விடுகிறான் என்பார்கள், இத்தனை வருஷம் நான் விட்ட கதைகளுக்கு அது நியாயமான கூலிதான். அதனால் நீ உன் ஆய்வகத்தின் தாளில், அந்தப் பூச்சி ஏன் அப்படி ஆடும் என்று நாலு வரி எழுதி, முத்திரை குத்தி உடனே அனுப்பு. செத்தவற்றை மருந்துக்கடை ஸ்பிரிட்டில் போட்டு வைத்திருக்கிறேன். பெரியம்மா அந்த அலமாரிப் பக்கமே போவதில்லை.

நோய்நொடி இல்லாமல், எடுத்த வேலையெல்லாம் கைகூடி நூறு வருஷம் இரு. இருபதாம் தேதியை மறக்காதே. மேசை பிளந்ததும் பாலம் நகர்ந்ததும் எருமைக்கன்றும் என் சரக்கு. அந்தத் தண்டால் இருக்கிறதே, அந்தச் சின்ன இடத்தில் மட்டும் நான் எதையும் கூட்டவில்லை. பன்னிரண்டு நிமிடம் விடாமல் எடுத்தன. கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

இப்படிக்கு,
உன் பெரியப்பா