மறுநாள் கறிச்சோறு

மதியம் ட்யூட்டி முடிந்து வந்ததும் தண்ணீர் எடுக்க ஃப்ரிட்ஜைத் திறந்தேன். நடுத்தட்டில் மூடி போட்ட தூக்குப்போசி ஒன்று இருந்தது. மூடியை லேசாக நகர்த்தியதுமே தெரிந்துவிட்டது. உறைந்த கொழுப்பு, மிளகு, வறுத்து அரைத்த தேங்காய், கொஞ்சம் பட்டை. உங்கள் வீட்டுக் கிறிஸ்துமஸ் கறி.

"ஸ்டெல்லாக்கா காலைல வந்து குடுத்தாங்க. உங்களச் செய்யச் சொன்னாங்க. சாயங்காலம் வாரேன்னாங்க," என்றாள் ஈஸ்வரி. துணி எடுக்க மாடிக்குப் போய்விட்டாள்.

ஃப்ரிட்ஜ் கதவைப் பிடித்தபடி நின்றேன். நீங்கள் போய்ப் பத்து மாதம் ஆகிறது. இந்த ஒரு நாளை எப்படிக் கடத்துவதென்று ஒரு வாரமாக யோசித்து, லீவு போடாமல் வண்டியில் ஏறிவிட்டால் தப்பித்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். பாருங்கள், அது வீடு தேடி வந்து எனக்கு முன்னால் உள்ளே உட்கார்ந்திருக்கிறது.

நாம் மேட்டுப்பாளையம் வண்டியில் ஜோடி சேர்ந்த முதல் வருடம் நினைவிருக்கிறதா? நீங்கள் டிரைவர், நான் கண்டக்டர். இருவருக்கும் வீடு பெரியநாயக்கன்பாளையம்தான் என்றாலும் அதுவரை அதிகம் பேசியதில்லை. ஈஸ்வரி தலைப்பிரசவத்துக்கு அன்னூருக்கு, அவள் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் நீங்கள் ஒரு போசியோடு வந்து வாசலில் நின்றீர்கள். வீட்டில் ஸ்டெல்லா மூன்று கிலோ கறி எடுத்துவிட்டார்கள், தீரவே மாட்டேனென்கிறது, ஒத்தாசை பண்ணுங்கள் என்றீர்கள். என்னிடம் முந்தின நாள் வடித்த சோறுதான் இருந்தது. அதைக் கொட்டிவிட்டுப் புதிதாக உலை வைக்கிறேன் என்று எழுந்தவனைக் கையமர்த்தினீர்கள்.

"ஏனுங்க, ஆறுன சோறுதானுங்க இதுக்கு வேணும். சுடுசோத்தப் போட்டா கொழஞ்சுபோயிருமுங்க."

டீக்கு வண்டி நிற்கும் பத்து நிமிடத்தில், மேட்டுப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே இருந்த ஃபாஸ்ட் ஃபுட் வண்டிக்காரர் செய்வதைப் பார்த்துப் பார்த்து நீங்கள் கற்றுக்கொண்டது அது. கறித்துண்டுகளைக் குழம்பிலிருந்து தனியாக எடுத்து, எலும்பைத் தள்ளிவிட்டு, சதையை விரலால் நார்நாராகப் பிய்த்தீர்கள். சோற்றைக் கட்டியில்லாமல் உதிர்க்கும் வேலையை எனக்குக் கொடுத்தீர்கள். வடச்சட்டி புகை விடும்வரை காய வேண்டும் என்று அடுப்பின் முன்னாலேயே நின்றீர்கள். கடலை எண்ணெய், தட்டிய பூண்டு, சின்ன வெங்காயம், இரண்டு பச்சைமிளகாய், அப்புறம் கறி. கறியின் ஓரம் முறுகியதும் இரண்டு முட்டையை உடைத்து ஊற்றிக் கிளறி, சோற்றைக் கொட்டி, மிளகுத்தூள் தூவி, கடைசியாகச் சட்டைப் பையிலிருந்து சின்ன சோயா சாஸ் பாட்டிலை எடுத்தீர்கள். வரும்போதே அண்ணாச்சி கடையில் வாங்கி வந்திருக்கிறீர்கள். போசியின் அடியில் கிடந்த கெட்டிக் குழம்பையும் வழித்து ஊற்றினீர்கள். கால்மணி நேரம்கூட ஆகவில்லை. அடுப்படியில் நின்றுகொண்டே, ஒரே சட்டியில் ஆளுக்கொரு கரண்டி வைத்துச் சாப்பிட்டு முடித்தோம்.

அதன் பிறகு ஒரு வருடமும் விட்டதில்லை. எங்கள் வீட்டில் தீபாவளிக் கறி மிஞ்சினால் மறுநாள் பெரும்பாலும் அமாவாசையாக இருக்கும், ஈஸ்வரி அதை அடுப்பில் ஏற்ற விடமாட்டாள். அதனால் நம் சோறு என்றால் அது உங்கள் பண்டிகைக்கு மறுநாள்தான். அன்றைக்கு மட்டும் ஸ்டெல்லாவும் ஈஸ்வரியும் நமக்கு அடுப்படியைக் கொடுத்துவிட்டு வெளியே உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருப்பார்கள். நம் இருவருக்கும் வேறெந்தச் சமையலும் வராது என்பது ஊருக்கே தெரியும்.

இருபத்து மூன்று வருடம் ஒரே வண்டி. ஆனாலும் ஒரு நாள்கூட நாம் 'வா, போ' என்று பேசிக்கொண்டதில்லை. "இவ்வளவு பழகியும் என்னடா இந்த மரியாதை" என்று டிப்போவில் மதுரைக்காரர் ஒருவர் கிண்டல் செய்தபோது, "வாயில வந்து ஒட்டிக்கிச்சுங்க, கழட்ட முடியலீங்க" என்று அவருக்கும் ஒரு 'ங்க' போட்டே பதில் சொன்னீர்கள்.

முதலில் வீங்கியது உங்கள் கால்தான். செருப்பு வார் பதிந்த தடம் பாதத்தில் அப்படியே நின்றது. நாள் முழுக்க பிரேக்கும் கிளச்சும் மிதிக்கிற காலுக்கு வீக்கம் வராமல் என்ன செய்யும் என்றீர்கள். நானும் அதை நம்பினேன். அடிக்கடி நினைத்துக்கொள்வேன், அன்றைக்கே இழுத்துக்கொண்டு போயிருந்தால் என்று. ஆறு மாதம் கழித்து ஆஸ்பத்திரியில் சொன்னார்கள், இரண்டு கிட்னியும் சுருங்கிவிட்டதாக. வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். வண்டியில் உங்கள் இடத்தில் வேறு ஆள் வந்தார். நல்ல பையன்தான். ஆனால் அவர் கண்ணாடியில் என்னைப் பார்க்கும்போதெல்லாம் நான் வெளியே பார்த்துக்கொள்வேன்.

யாராவது ஒரு கிட்னி கொடுத்தால் மாற்றிவிடலாம் என்றார்கள். ஸ்டெல்லாவின் ரத்தம் உங்களுக்குச் சேரவில்லை. மகளிடம் எடுக்க நீங்கள் சம்மதிக்கவில்லை. உங்கள் அண்ணனுக்கு ஏற்கெனவே இருதயக் கோளாறு. நான் தருகிறேன் என்று முதலில் ஈஸ்வரியிடம் சொன்னேன். அவள் சோற்றைப் போட்டு வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். மறுநாள் காலையில், "குடுங்க, ஆனா எனக்குப் பயமா இருக்குதுங்க" என்றாள். சொந்தக்காரர் இல்லையென்றால் அனுமதி தரும் கமிட்டி முன்னால் போய் நிற்க வேண்டும் என்றார்கள். நிற்கிறேன் என்றேன். இரத்த வகை சேர்ந்தது. எனக்கு அன்றைக்கு இருந்த சந்தோஷத்தை உங்களிடம் சொன்னதே இல்லை. வேலை நிரந்தரமான அன்றுகூட அப்படி இருந்ததில்லை.

அடுத்த பரிசோதனையில் எனக்குச் சர்க்கரை இருப்பது தெரிந்தது. அதுவும் பல வருடமாக இருந்திருக்கிறதாம். டாக்டரம்மா பேப்பரை மூடி வைத்துவிட்டு, "உங்ககிட்ட எடுக்க முடியாதுங்க. உங்களுக்கே இந்த ரெண்டும் வேணும்" என்றார். கொடுக்கப் போனவன் மாத்திரைச் சீட்டோடு வெளியே வந்தேன். உங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து எப்படிச் சொல்வதென்று தெரியாமல் நின்றபோது, நீங்களே பார்த்துப் புரிந்துகொண்டு, "விடுங்க. என்னால உங்க சக்கரையாவது கண்டுபுடிச்சாச்சே" என்று சிரித்தீர்கள். எனக்குச் சிரிக்க வரவில்லை. வராண்டாவில் போய் உட்கார்ந்தேன். என் உடம்பு எனக்கே வேண்டாத சாமானாகத் தோன்றியது.

போன டிசம்பர் தொடக்கத்தில் சொந்தக்காரர் கல்யாணத்தில் நீங்கள் ஊறுகாயும் அப்பளமும் சாப்பிட்டுவிட்டீர்கள். அன்று சாயங்காலமே நுரையீரலில் நீர் கோத்து, மூச்சு வாங்கி, ஆம்புலன்ஸில் கொண்டுபோக வேண்டியதாயிற்று. வீடு திரும்பிய பிறகு ஸ்டெல்லா உப்பு டப்பாவை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார்.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் காலையில் நீங்களே போன் செய்தீர்கள். கறி மிச்சம் இருக்கிறது, சோறு கொண்டு வாருங்கள் என்றீர்கள். குரல் நன்றாக இருந்தது. முந்தின நாள் வடித்த சோற்றை எடுத்துக்கொண்டு வந்தேன். ஸ்டெல்லா என்னை அடுப்படிக்குள் கூட்டிக்கொண்டு போய்க் கதவை ஒருக்களித்துச் சாத்தினார்.

"உப்பு வேண்டாமுங்ணா. அந்த சோயா வேண்டவே வேண்டாம். அவரு கேட்டாலும் ஊத்தீராதீங்க."

சரிங்க என்றேன். கறியை எடுத்து வெந்நீரில் இரண்டு தரம் கொதிக்கவிட்டு வடித்தேன். மசாலாவும் உப்பும் அந்தத் தண்ணீரோடு சாக்கடைக்குப் போயின. வெளுத்த நாரைப் பார்க்கவே என்னவோ போலிருந்தது. பூண்டும் மிளகும் மட்டும் போட்டு, நம் வழக்கப்படியே சட்டியைக் காயவைத்து, நம் வழக்கப்படியே கிளறினேன். நீங்கள் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தீர்கள். தட்டை மடியில் வைத்து ஒரு வாய் எடுத்தீர்கள். மெதுவாக மென்றீர்கள்.

"இது நம்ம சோறு இல்லீங்களே."

நான் கரண்டியைத் துண்டில் துடைத்தேன்.

"ஒரு சொட்டு ஊத்துனா என்ன ஆயிருமுங்க? ஒரே ஒரு சொட்டு."

வெளியே கதவோரம் ஸ்டெல்லாவின் சேலைத் தலைப்பு தெரிந்தது. டாக்டர் கூடாதென்று சொல்லியிருக்கிறார், நீங்கள் கொஞ்சம் தேறட்டும், எப்படியும் கிட்னி கிடைத்துவிடும், அடுத்த வருசம் ஆபரேசன் முடிந்து நாம் நன்றாகச் செய்து சாப்பிடுவோம் என்று என்னென்னவோ சொன்னேன். யாரிடமிருந்து கிடைக்கும் என்று நீங்கள் கேட்கவில்லை. என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தீர்கள். பிறகு, "பாக்கலாமுங்க" என்றீர்கள்.

அதன் பிறகு நீங்கள் செய்ததைத்தான் எத்தனை தரம் நினைத்தும் என்னால் தாங்க முடியவில்லை. தட்டை ஒதுக்கிவைத்திருந்தால்கூடப் பரவாயில்லை. என்னைத் திட்டியிருக்கலாம். நீங்கள் அந்தச் சப்பென்ற சோற்றை ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டீர்கள். தண்ணீரும் அளவோடுதான் குடிக்க வேண்டும் என்பதால் தொண்டையில் நிற்க நிற்க விழுங்கினீர்கள். "நல்லாத்தான் இருக்குதுங்க. செரமப்பட்டுச் செஞ்சிருக்கீங்க" என்றீர்கள். விருந்தாளியிடம் பேசுவது போல.

பிப்ரவரியில் போன் வந்தபோது நான் மேட்டுப்பாளையத்தில் இருந்தேன். டயாலிசிஸ் நடக்கும்போதே இருதயம் நின்றுவிட்டது என்று உங்கள் மகள் சொன்னாள். வண்டி நிறைய ஆள். புறப்பட இரண்டு நிமிடம் இருந்தது. மாற்றுக்கு ஆளில்லை. காரமடையில் ஏறியவர்கள், வீரபாண்டிப் பிரிவில் ஏறியவர்கள் என்று எல்லோருக்கும் டிக்கெட் கிழித்துக் கொடுத்தேன். நம் ஊரில் வண்டி நின்றபோது உங்கள் தெரு முனையில் பிளாஸ்டிக் நாற்காலிகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். படியில் நின்று பார்த்தேன். இறங்க முடியவில்லை. விசில் கொடுத்தேன், வண்டி நகர்ந்தது. கோவை போய் வண்டியை ஒப்படைத்துவிட்டு வேறொரு பஸ் பிடித்து வந்து சேர்வதற்குள் உங்களுக்கு வெள்ளைச் சட்டை போட்டுப் பெட்டியில் வைத்திருந்தார்கள்.

இன்றைக்குச் சாயங்காலம் சோறு செய்தேன். செய்யாமல் இருக்க வழி தெரியவில்லை. உப்பு போட்டேன், சோயா ஊற்றினேன். ஐந்தரைக்கு ஸ்டெல்லா வந்தார். ரொம்ப இளைத்துவிட்டார். ஈஸ்வரி தட்டு வைத்தாள். அவர் சோற்றைப் பார்த்துக்கொண்டே இருந்தார், கை வைக்கவில்லை.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணுமுங்ணா," என்றார். "டாக்டரு அப்பவே சொல்லிட்டாருங்ணா. கிறிஸ்துமஸுக்குப் பத்து நாள் முன்னாடி. இருதயம் ரொம்ப மோசமாயிருச்சு, இனி ஆபரேசனுக்குத் தாங்காது, அவரு ஆசப்படறதக் கொஞ்சம் கொஞ்சம் குடுங்கம்மான்னு."

ஈஸ்வரி என்னைப் பார்த்தாள்.

"நான் அவருகிட்டச் சொல்லல. உங்ககிட்டயும் சொல்லல. கேட்டதக் குடுத்தா அது நெசமாயிருமோன்னு பயமுங்ணா. குடுக்காம இருந்தா இன்னும் வைத்தியம் நடக்குதுன்னு அர்த்தமுங்களே. அன்னைக்கு அவரு ஒரு சொட்டு கேட்டது எனக்குக் கேட்டுதுங்ணா. கதவுக்குப் பின்னாடிதான் நின்னுட்டு இருந்தேன்."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. நானா இருந்தாலும் அதையேதானுங்க செஞ்சிருப்பேன் என்றேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தார். பாதி சாப்பிட்டார். நானும் ஈஸ்வரி எனக்கு அளந்து வைக்கும் இரண்டு கரண்டியைச் சாப்பிட்டேன். அவர் போன பிறகு இந்த மடலை எழுத உட்கார்ந்தேன்.

அவரிடம் சொன்னது மெய்யா பொய்யா என்று எனக்கே தெரியவில்லை. அன்றைக்கு அடுப்படியில் அவர் உண்மையைச் சொல்லியிருந்தால் நான் ஊற்றியிருப்பேனா? ஊற்றி, உப்பும் போட்டுக் கொண்டுவந்து உங்கள் மடியில் வைத்திருந்தால், முதல் வாயிலேயே உங்களுக்கு எல்லாம் விளங்கியிருக்கும். விளங்கிய அந்த முகத்தைப் பார்க்க எனக்குத் திராணி இருந்திருக்காது. ஊற்றாததும் அன்பு என்றுதான் ஸ்டெல்லா நினைத்தார். ஊற்றியிருந்தாலும் அதை அன்பு என்றுதான் சொல்லியிருப்போம். எதைச் செய்திருந்தாலும் பிப்ரவரி வந்தே தீர்ந்திருக்கும்.

என்னோடு தங்கிவிட்டது ஒரே ஒரு கேள்விதான். "பாக்கலாமுங்க" என்று சொன்னபோது உங்களுக்குத் தெரியுமா? தெரிந்துதான், எங்கள் இரண்டு பேர் மனசும் நோகக் கூடாதென்று அந்தத் தட்டைக் காலி செய்தீர்களா? இதை ஸ்டெல்லாவிடம் கேட்க முடியாது. ஈஸ்வரியிடம் கேட்டுப் பயனில்லை. உங்களிடம் மட்டும்தான் கேட்க முடியும்.