அட்டைப்படத்துக்கு ஒரு சிரிப்பு

மார்ச் 4, செவ்வாய்

எங்கள் கட்டுமான நிறுவனக் காலாண்டு இதழின் அட்டைப்பட வேலை ஒருவழியாக முடிந்தது. பாலம் கட்டும் தளத்தில் வெயில் மண்டையைப் பிளந்தது. புகைப்படக்காரருக்கும் எனக்கும் பிடித்தமாதிரி ஒருவர் கிடைத்தார். இரும்பைத் தேய்ப்பவர், ஐம்பதை நெருங்கும் வயது, சுற்றிலும் தீப்பொறி. ஆனால் பாதுகாப்புக் கண்ணாடி பாதி முகத்தை மறைத்தது. எங்கள் நிறுவனத் தலைவருக்கோ அட்டையில் முகம் தெரிய வேண்டும், அதுவும் சிரித்த முகம்!

“ஒரே நிமிஷம் கழட்டுங்கண்ணே.”

“ரூல் இருக்கும்மா.”

கெஞ்சினேன். கழற்றி என் கையில் கொடுத்தார். தீப்பொறி பறக்க நாலு படம். நாலாவதில் கண்ணைக் கசக்கினார். தூசி போல.

மார்ச் 5

தூசி இல்லை. இரும்புத் துகள். இடது கண்.

மார்ச் 6, வியாழன்

அந்தக் கண்ணில் பார்வை திரும்பாதாம்.

பதினொரு மணிக்குக் ‘கமா’ கூப்பிட்டார். என் மேலாளர்தான். நான் எழுதும் எதிலும் ஒரு கமாவாவது சேர்க்காவிட்டால் அவருக்குச் சாப்பாடு செரிக்காது. எல்லாத் தளங்களிலும் ஒட்ட ஓர் எச்சரிக்கை அறிவிப்பு மதியத்துக்குள் வேண்டும் என்றார். விபத்து அறிக்கையை நீட்டினார். ‘கண்ணாடி அணியவில்லை’ என்று இருந்தது. படம் எடுத்ததைப் பற்றி மூச்சு இல்லை.

“நான்தான் சார் கழட்டச் சொன்னேன்.”

எழுந்து கதவைச் சாத்தினார். “உன்ன யாராவது கேட்டாங்களா? கேக்காததுக்கு எதுக்கு பதில் சொல்ற?”

எழுதிக் கொடுத்தேன். பன்னிரண்டே நிமிடம். ‘ஊழியர் ஒருவர் பாதுகாப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பணிபுரிந்ததால்...’ கமா இந்த முறை கமா போடவில்லை. ‘தாமாகவே’ என்று ஒரு சொல்லைச் செருகினார். பார்த்தேன். அடித்திருக்கலாம். அடிக்கவில்லை. என் கையாலேயே அச்சுக்கு அனுப்பினேன். சே!

மார்ச் 8, சனி

மருத்துவமனைக்குப் பழம் வாங்கிக்கொண்டு போனேன். பழம்! எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு போனேனோ.

அவர் மனைவி நாற்காலியைத் துடைத்துப் போட்டார். என்னை ஆபீசிலிருந்து நலம் விசாரிக்க வந்த நல்ல மனுஷி என்று நினைத்துவிட்டார். “இருபத்திரண்டு வருஷம்மா, உடம்புல ஒரு கீறல் கிடையாது. இப்ப மட்டும் எதுக்குக் கழட்டினீங்கன்னு கேட்டா வாயே திறக்க மாட்டேங்கறார். தானாவே கழட்டினாராம், போர்டுல ஒட்டியிருக்காங்களாமே?”

அந்தச் சொல். அந்த அம்மாவின் வாயிலிருந்து.

அவரோ கட்டுப் போட்ட முகத்தோடு மேலே மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மனைவி தண்ணீர் பிடிக்கப் போனதும் குரலைத் தாழ்த்தினார். “நான் யார்கிட்டயும் சொல்லலம்மா. உங்க வேலைக்கு எதுக்கு வம்பு?” பிறகு, “போட்டோ நல்லா வந்துச்சா?”

நல்லா வந்துச்சுண்ணே என்றேன். வேறென்ன சொல்ல?

மார்ச் 10, திங்கள்

வெள்ளிக்கிழமை விசாரணை. குற்றம் அவர்மேல்தான் என்று முடிவானால் எங்கள் தளம் எதிலும் அவர் இனி கால் வைக்க முடியாது. ஒற்றைக் கண்ணோடு வேறு எங்கே போவார்?

படங்களை அழித்துவிடச் சொன்னார் கமா. கணினியில் திறந்தேன். இரண்டாவது படத்தின் ஓரத்தில் நீல வார் கடிகாரம் கட்டிய ஒரு கை, அவருடைய கண்ணாடியைப் பிடித்தபடி. அட்டையில் எப்படியும் அந்த ஓரத்தை வெட்டியிருப்போம்.

கடிகாரத்தைக் கழற்றி மேஜை டிராயருக்குள் போட்டேன். யாருக்குப் பயந்து?

மார்ச் 13

கணவரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். திட்டுவார் என்றிருந்தேன். “அந்த அண்ணன் மாட்டேன்னுதானே சொன்னார்?” என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால் தேவலை.

மார்ச் 14, வெள்ளி

விசாரணை அறைக்கு வெளியே நின்றேன். அழிக்காத படம் கையில். என்னை யாரும் அழைக்கவில்லை. கதவு சரியாகச் சாத்தியிருக்கவில்லை.

“யாராவது கழட்டச் சொன்னாங்களா?”

“இல்லீங்க. நானேதான்.”

அதற்குமேல் நிற்க முடியவில்லை. உள்ளே போனேன். படத்தை மேஜையில் வைத்தேன். டிராயரிலிருந்து எடுத்துக் கட்டியிருந்த கடிகாரத்தோடு என் கையையும் அதன் பக்கத்தில் வைத்தேன். என்ன பேசினேன் என்று நினைவில்லை. சுவரோரம் உட்கார்ந்திருந்த அவர் மனைவி என்னைப் பார்த்த பார்வை மட்டும் நினைவிருக்கிறது.

எட்டு நாள் தாமதம். ஆறாம் தேதியே போய் நின்றிருக்க வேண்டாமா?

மார்ச் 21

ராஜினாமா எழுதித் தரச் சொன்னார்கள். தந்தேன். பன்னிரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

ஏப்ரல் 9, புதன்

தள அனுமதிச் சீட்டை அங்கேயே வந்து ஒப்படைக்க வேண்டுமாம், போனேன். வாசல் பலகையில் புது அறிவிப்பு: ‘மார்ச் 6 அறிவிப்பு திரும்பப் பெறப்படுகிறது.’ மூன்றே வரி, ஏழு கமா. யார் எழுதியது என்று கேட்கவே வேண்டாம். ஏன் திரும்பப் பெறுகிறார்கள் என்று மட்டும் இல்லை.

உள்ளே போகிறவர்களுக்குக் கண்ணாடியும் தொப்பியும் கொடுக்கும் ஜன்னலில் அவர் இருந்தார். இப்போது அங்கேதான் வேலை. தொப்பியை எடுக்கக் கை ஒரு தடவை தப்பான இடத்தில் துழாவியது. வீட்டில் சௌக்கியமா என்று கேட்க வாய் எழவில்லை.

படத்தைப் பற்றி அவர் கேட்கவில்லை. கண்ணாடியைத் துணியால் துடைத்து நீட்டினார்.

“போட்டுக்கோங்கம்மா. ரூல் இருக்கு.”

போட்டுக்கொண்டேன். சீட்டை ஒப்படைத்துவிட்டு வேறு வாசல் வழியாக வந்ததில், கண்ணாடி என்னோடு வீட்டுக்கே வந்துவிட்டது. நாளைக்குப் போய் அவர் கையிலேயே கொடுக்க வேண்டும்.