பெயர் ஒட்டாத போத்தல்

என் அன்பான இஞ்சாருங்கோ,

பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பழக்கமில்லை. நான் உங்களுக்கு ‘இஞ்சாருங்கோ’, நீங்கள் எனக்கு ‘இஞ்சாரும்’ என்றே காலம் போய்விட்டது. நீங்கள் போன பிறகு, சண்டையால் ஊருக்குச் சாமான் வரும் பாதையைப் பூட்டிவிட்டார்கள். உரமில்லை, மண்ணெண்ணெய் இல்லை. இறைப்பு மெசின் சாக்குக்குள் கிடக்கிறது. நானும் மூத்தவளும் கிணற்றுத் துலாவில்தான் கயிறு பிடித்துத் தண்ணீர் இறைக்கிறோம்.

நீங்கள் விதைக்கென்று கட்டிய வெங்காயப் பிடிகள் குசினிக் கூரையில் அப்படியே தொங்கின. “நல்லதெல்லாம் விதைக்கு, சொத்தையெல்லாம் சமைக்கிற எனக்கோ?” என்று எத்தனை தரம் சண்டை பிடித்திருப்பேன்! நேற்றுவரை அவற்றைத் தொடவே எனக்கு மனம் வரவில்லை.

ஊரில் வேறு யாரிடமும் விதை இல்லை, விதையும் பூச்சி மருந்தும் விற்கிற கம்பனி ஏஜென்டிடம் மட்டும்தான். கம்பனி அவருக்கு மட்டுமே சாமான் அனுப்பியதால் சந்தியிலிருந்த மற்றக் கடைகள் பூட்டுப்பட்டது உங்களுக்குத் தெரியும். விளைச்சலை அவர் சொல்லும் விலைக்கு அவருக்கே தரச் சம்மதித்தால்தான் விதையாம். பக்கத்துக் காணி செல்லம்மாக்கா வந்து அழுதா.

“ஓமெண்டு சொல்லாமல் என்ன செய்யிறது பிள்ளை? அடுப்பு எரிய வேணுமெல்லே.”

“கொஞ்சம் பொறுங்கோ அக்கா” என்றேன். எதை நம்பிச் சொன்னேனோ தெரியாது.

நேற்று அந்த ஏஜென்டே வந்து கூரையை அண்ணாந்து பார்த்தார்.

“உதெல்லாத்தையும் எனக்குத் தாங்கோ அக்கா. ரெண்டு கான் மண்ணெண்ணெய் தாறன்.”

ஐயோ, ரெண்டு கான்! மூத்தவளின் கையில் கயிறு உரசிய கொப்புளங்கள்தான் உடனே நினைவுக்கு வந்தன. கொடுத்திருந்தால் அவரிடமல்லாத ஒரு விதைகூட ஊரில் மிஞ்சியிராது.

அவர் பீப்பாயிலிருந்து போத்தலில் ஊற்றித் தந்த பூச்சி மருந்தை மிளகாய்க்கு அடித்துவிட்டு வந்துதானே நீங்கள் விழுந்தீர்கள்? “என்ன மருந்து? பேர் தெரிஞ்சால்தானே மாத்து மருந்து குடுக்கலாம்” என்று டொக்டர் கத்தினார். போத்தலில் லேபல் இல்லை. நான் கடைக்கு ஓடினேன், அவர் கதவைத் திறக்கவேயில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆறவும் வேண்டாம்.

“தம்பி, அண்டைக்கு அந்தப் போத்தலுக்கை இருந்த மருந்தின்ரை பேரைச் சொல்லும். எல்லாப் பிடியையும் சும்மா தாறன்.”

அவர் முகம் கறுத்தது.

“அது கம்பனி விசயம் அக்கா” என்று சைக்கிளைத் திருப்பினார்.

அவர் படலையைத் தாண்டியதும் நான் ஏணியில் ஏறிப் பிடிகளை இறக்கினேன். கேட்டவர்களுக்கெல்லாம் பிரித்துக் கொடுத்தேன். விளைந்ததும் வாங்கிய அளவைத் திருப்பித் தர வேண்டும், அது இன்னொரு வீட்டுக்கு விதையாகப் போகும். “அந்த மனுசன் இருந்திருந்தால் தந்திருக்குமே?” என்று செல்லம்மாக்கா பகிடி விட்டா. தந்திருப்பீர்களா?

அந்தப் போத்தலைக் கழுவாமல் வைத்திருக்கிறேன். பாதை திறக்கட்டும். கம்பனி எங்கே இருந்தாலும் அதன் வாசலில் கொண்டுபோய் வைத்து, டொக்டர் கேட்ட அதே கேள்வியைக் கேட்பேன். பதில் வராமல் எழும்ப மாட்டேன். இது உங்கள் மேல் சத்தியம்.

உங்கடை மனுசி,
இஞ்சாரும்