செவ்வாய்க்கிழமை, சிம்மத்தில் கிரகணம்

ஜவளகிரி
08.02.2026

அன்புள்ள உங்களுக்கு,

நானும் பாப்பாவும் நலம். ஓசூரில் நீங்களும் அத்தையும் மாமாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிக்காதீர்கள். டவர் கிடைக்கும் மேடு வரை நடந்து போய்ப் போன் செய்தால், அத்தை ஸ்பீக்கரில் போடச் சொல்கிறார்கள். உங்களிடம் கேட்டதற்கு அவர்கள் பதில் சொல்கிறார்கள். அதனால் பெரியப்பா மகன் பிரதாப் அண்ணனிடம் கொடுத்து அனுப்புகிறேன். வாராவாரம் லீவுக்கு ஊருக்கு வருகிறவர்தானே, உங்கள் கம்பெனி கேட்டிலேயே கொடுத்துவிடுவார்.

பெங்களூர் ஆஸ்பத்திரியில் தேதி கொடுத்துவிட்டார்கள். மார்ச் 3, செவ்வாய். முந்தின நாளே சேர்க்க வேண்டும். எடை ஐந்து கிலோவைத் தாண்டிவிட்டது, ரத்தமும் போதுமாம். மேல் உதட்டில்தான் பிளவு, உள்ளே அண்ணம் நன்றாக இருக்கிறது, ஒரே ஆபரேஷன் போதும் என்றார் டாக்டர். இந்தத் தேதியை விட்டால் இனி ஜூனில்தான்.

பாப்பா சங்கில்தான் குடிக்கிறாள். பாதிப் பால் கழுத்தில் வழிகிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் அவள் உதட்டைப் பார்க்கிறார்கள், அப்புறம் என்னைப் பார்க்கிறார்கள்.

போன முறை நீங்கள் வந்தபோது அத்தை அப்பா முன்னால் கேட்டதை என்னால் மறக்க முடியவில்லை. "ஏட்டி, கிரகணத்தன்னைக்கு பிளேடப் புடிச்சு ரப்பர அறுத்துக்கிட்டு இருந்தா புள்ளைக்கு ஒதடு எப்படிட்டி சேரும்?" நீங்கள் பைக் சாவியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள்.

ரப்பர் பாகங்களில் பிசிறு வெட்டுவது என் வேலை. செப்டம்பர் கிரகணத்தன்று ஷிப்ட் பத்தரைக்கு முடிந்தது. கிரகணம் பத்து மணிக்குப் பிடித்தது. அந்த அரை மணி நேரத்தை அத்தை விடுவதாக இல்லை. நான் டாக்டரிடமே கேட்டேன். உதடு சேருவது இரண்டாம் மாதத்தோடு முடிந்துவிடும் என்றார். செப்டம்பரில் எனக்கு ஏழாம் மாதம். இதை நீங்கள் ஒரு தடவை அத்தையிடம் சொல்லுங்கள். நான் சொன்னால் எதிர்த்துப் பேசுகிறேன் என்பார்கள்.

2-ம் தேதி காலை எங்களை அழைத்துப் போக வந்துவிடுவீர்கள் அல்லவா?

உங்கள்
மணி

ஓசூர்
12.02.2026

அன்பு மணிக்கு,

கடிதம் கிடைத்தது. கேன்டீனில் வைத்துப் படித்தேன். பாப்பாவுக்கு எடை ஏறியது சந்தோஷம்.

ஆனால் தேதிதான் இடிக்கிறது. மார்ச் 3 அன்று சந்திர கிரகணம். மதியம் மூன்றரை வாக்கில் பிடித்து ஏழு மணிக்கு முன்னால் விடுகிறது. சிம்ம ராசி, பூர நட்சத்திரம். என் நட்சத்திரம் பூரம் என்பது உனக்குத் தெரியும். பாப்பாவுக்குக் கும்ப ராசி, சிம்மத்துக்கு நேர் எதிர் வீடு. அம்மா காலண்டரைப் புரட்டிப் பார்த்ததிலிருந்து வீட்டில் இதே பேச்சு. "ஏல சுபாசு, ஒன் நச்சத்திரத்துலயே புடிக்கி, புள்ளைக்கு எதுத்த வீட்டுல புடிக்கி. அன்னைக்குப் போயி பச்ச மண்ண அறுக்கக் குடுப்பியால? ஒரு தடவ பட்டது காணாதா?" என்கிறாள்.

தொரப்பள்ளிப் பக்கம் ஒரு ஜோசியரைப் பார்த்தேன். பூரத்துக்காரர் அன்று ரத்தம் பார்க்கக் கூடாது, பார்த்தால் அது பெற்ற பிள்ளையைத் தொடும் என்றார். மனசு கேட்காமல் பஸ் ஸ்டாண்டு அருகில் இன்னொருவரிடம் போனேன். அவர் பச்சரிசியும் கொள்ளும் தானம் கொடுத்தால் போதும் என்றார். யாரை நம்புவது? இரண்டு பேர் சொன்னதும் தலைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. நேற்று மெஷினில் ஒரே பீஸை மூன்று முறை அளந்தேன். சூப்பர்வைசர், "என்னப்பா, அதுக்கு ஜாதகம் கணிக்கிறியா?" என்று கேட்டுவிட்டுப் போகிறார்.

ஒரு வாரம் தள்ளிக் கொடுக்கச் சொல்லிக் கேட்டுப் பாரேன். டாக்டர் சொன்னதை அம்மாவிடம் நேரம் பார்த்துச் சொல்லப் பார்க்கிறேன்.

அன்புடன்
சுபாஷ்

ஜவளகிரி
15.02.2026

அன்புள்ள உங்களுக்கு,

மேட்டுக்குப் போய் ஆஸ்பத்திரிக்குப் பேசினேன். ஒரு வாரம் தள்ள முடியாது, விட்டால் ஜூன்தான் என்கிறார்கள். ஆனால் ஆபரேஷன் காலை ஒன்பது மணிக்கு. கிரகணம் பிடிக்கும்போது எல்லாம் முடிந்து பாப்பா என் மடியில் இருப்பாள்.

பக்கத்துத் தோட்டத்துச் சென்னம்மாவிடம் சொல்லி அழுதேன். அவர் பாதிக் கன்னடமும் பாதித் தமிழுமாக, "எங்க எருமை கிரஹணத்தன்னிக்குத்தான் கன்னு போட்டுச்சு. எண்ணிப் பாத்தேன், நாலு காலுதான் இருந்துச்சு. ஏனாகல்ல பிடம்மா, ஒண்ணும் ஆகாது" என்றார். அழுகையோடு சிரித்துவிட்டேன். அப்பா உங்கள் மேல் கோபப்படவில்லை. "மாப்ளைக்கு ரத்தம் பாக்க பயமா இருந்தா வெளிய பெஞ்சுல உக்காரட்டும். வந்தா சரி" என்கிறார்.

அத்தையிடம் சொல்லப் பார்க்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர்கள் நினைப்பது எனக்குத் தெரியும். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? நான் அன்று வேலைக்குப் போனதால்தான் பாப்பாவுக்கு இப்படி ஆனது என்று நினைக்கிறீர்களா? ஆம், இல்லை, எதுவானாலும் ஒரு வரி எழுதுங்கள். இது தெரியாமல் எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. பாலைக் காய்ச்சுகிறேன், பொங்கிய பிறகுதான் அடுப்பைப் பார்க்கிறேன்.

உங்கள்
மணி

ஓசூர்
22.02.2026

அன்பு மணிக்கு,

நீ கேட்டதற்கு என்ன எழுதுவது என்று தெரியாமல் நாலைந்து நாள் போய்விட்டது. உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. கிரகணம்தான் காரணம் என்றால் அது உன் குறையும் இல்லை, என் குறையும் இல்லை, வானத்தில் போன ஏதோ ஒன்று. அப்படி நினைத்தால் எனக்கு ஆறுதலாக இருக்கிறது. அவ்வளவுதான். நீ அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே.

ஆஸ்பத்திரி விஷயத்தில் கவலைப்படாதே. யாருக்கும் மனக்கஷ்டம் வராமல் நானே ஓர் ஏற்பாடு செய்கிறேன். அம்மாவும் இப்போது நிம்மதியாக இருக்கிறாள்.

பாப்பாவுக்குக் குளிர் படாமல் பார்த்துக்கொள்.

அன்புடன்
சுபாஷ்

பெங்களூர்
05.03.2026

அன்புள்ள உங்களுக்கு,

2-ம் தேதி பத்து மணி வரை உங்களுக்காகக் காத்திருந்தோம். பிறகு அப்பாவும் நானும் பஸ் ஏறினோம்.

உங்கள் ஏற்பாடு என்ன என்பது ஆஸ்பத்திரி கவுண்டரில்தான் தெரிந்தது. எங்கள் ஊரில் டவர் நிற்காது என்று நான்தான் உங்கள் எண்ணைக் கொடுத்திருந்தேன். உறுதி செய்யக் கூப்பிட்டிருக்கிறார்கள். "ஜூனுக்கு மாத்திக்கிறோம்னு குழந்தையோட அப்பா சொல்லிட்டாரே" என்றார் அங்கிருந்த பெண். நான் பாப்பாவின் முகத்துணியை விலக்கிக் காட்டினேன். அந்தப் பெண் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நாளைக்குக் கிரகணம்னு நிறைய பேர் வரல. இடம் இருக்கு. சளி இல்லன்னா சேத்துக்கலாம்." ஊரெல்லாம் பயந்ததில் நம் பெண்ணுக்கு இடம் கிடைத்தது.

காலை ஒன்பதுக்கு உள்ளே கொண்டுபோனார்கள். பத்தரைக்குக் கொண்டுவந்தார்கள். உதடு சேர்ந்துவிட்டது. வீக்கம் இருக்கிறது, தையல் கறுப்பாகத் தெரிகிறது. சாயங்காலம் வார்டில் சிலர் ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார்கள். பாப்பா பசியில் கத்தினாள். நான் சங்கில் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் நர்ஸ் சொன்னார்: "நேத்து ராத்திரி ஒன்பது மணிக்கு ஒருத்தர் வந்து கதவுக் கண்ணாடி வழியா ரொம்ப நேரம் பாத்தார். நெத்தி நெறைய திருநீறு, தல கூட காயல. உள்ள வாங்க சார்னு கூப்பிட்டேன், போயிட்டார்." பாப்பாவைச் சேர்த்த தகவல் உங்கள் எண்ணுக்கு வந்திருக்கும். கிரகணம் விட்டதும் தலைமுழுகிவிட்டு வந்திருக்கிறீர்கள். ஓசூரிலிருந்து அவ்வளவு தூரம் வந்தவர், ஒரு கதவைத் தள்ளவில்லை. எனக்கு முதலில் அழுகை வந்தது, பிறகு கோபம் வந்தது. இப்போது இரண்டும் இல்லை.

வானத்தில் போன ஏதோ ஒன்று என்று எழுதினீர்கள். உங்களுக்கு அது ஆறுதல். அது போகும்போது கையில் பிளேடு வைத்திருந்தவள் நான். அப்படிப் பார்த்தால் குறை என்னிடம்தான் வந்து நிற்கிறது. அது உங்களுக்குத் தெரியவே இல்லை.

தையல் பிரிக்க 10-ம் தேதி, செவ்வாய்க்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள். நேரம் மூன்றரை மணி. செவ்வாயில் மூன்றிலிருந்து நாலரை வரை ராகு காலம் என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நேரத்தை மாற்றித் தரச் சொல்லி நான் கேட்கவில்லை. போன் எண்ணை மட்டும் பிரதாப் அண்ணனுடையதாக மாற்றிவிட்டேன்.

வருவதானால் மூன்றரைக்கு வாருங்கள். உள்ளே வந்து பாப்பாவை மடியில் வைத்துப் பிடித்துக்கொள்ளுங்கள். அப்படி வந்தால் அன்றே உங்களோடு ஓசூருக்கு வருகிறேன். நாலரை கழியட்டும் என்று வாசலில் நிற்க வேண்டாம். அதற்குள் நாங்கள் ஊருக்குப் பஸ் ஏறியிருப்போம்.

மணிமேகலை